ஆஸ்பத்திரி வழியாகப் போன பஸ்

எங்கள் டிப்போவில் அவரை டிரைவர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆரம்பத்தில் பெண் டிரைவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போக, அந்தப் பெயர் இவருக்கே நிலைத்துவிட்டது. பதினொன்றாம் நம்பர் பஸ்ஸில் நான் அவருடைய கண்டக்டர். ரயில் நிலையத்தில் கிளம்பி, கடைத்தெரு, மில் குடியிருப்பு, பாலத்தடி என்று நின்று நின்று, மேட்டுக் குடியிருப்பில் போய் முடிகிற வண்டி அது. கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் அக்காவின் வீடு. என் வீடும் அங்கேதான்.

அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வண்டி சற்று நேரம் நிற்க வேண்டியிருந்தால் அதற்குள் டயரைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், யாராவது மூட்டை தூக்கிக்கொண்டு வந்தால் ஓடிப்போய் வாங்கி ஏற்றுவார். டீயை நின்றபடியேதான் குடிப்பார். உட்கார்ந்து குடித்தால் ருசி போய்விடுமா என்று ஒருமுறை கேட்டேன். "உக்காந்தேதான் சம்பாதிக்கிறேன் தம்பி, டீயாவது நின்னு குடிக்கிறேனே" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர் நேர் எதிர். மேட்டுக் குடியிருப்பில் இருந்த சின்ன அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. ரத்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரியே மனிதர்களையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒரே மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஆகா ஓகோ என்று சொல்ல முடியாவிட்டாலும் மூச்சு முட்டாத வாழ்க்கை. அந்தக் குடியிருப்பில் பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்போதுதான் சிக்கனம் வந்தது. அரசாங்கம் அளவுக்கு மீறிக் கடன் வாங்கிவிட்டதாம், செலவைக் குறைத்தால்தான் நாடு நிமிருமாம். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நிதி அமைச்சர் டிவியில் வந்து கேட்டுக்கொண்டார். இரண்டு வருடம்தானே என்று நாங்களும் இருந்தோம். அது முடிந்ததும் இன்னும் இரண்டு என்றார்கள். அமைச்சர் மாறினார், பேச்சு மாறவில்லை. சின்ன ஆஸ்பத்திரியில் பல் டாக்டரின் அறையைப் பூட்டிய வாரம் பஸ்ஸில் இதைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் தெருவில் துணி தைத்துக் கொடுக்கிற தையலக்கா முன் சீட்டில் இருந்தபடி, "கடிக்கச் சொல்றாங்க, சரி. கடிக்கிறதுக்குப் பல்லை யாரு குடுக்கறது?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்போதெல்லாம் எங்களால் சிரிக்க முடிந்தது.

முதலில் போனது என் வேலை. ஏறுகிற இடத்தில் டிக்கெட் மெஷின் ஒன்றைப் பொருத்திவிட்டு, என்னை டிப்போவில் டயர் பிரிவுக்கு அனுப்பினார்கள். மெஷின் பாதி நாள் வேலை செய்யாது. அக்கா ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் சில்லறையுமாக ஓட்டினார். நான் காலையிலும் மாலையிலும் பயணியாக அதே வண்டியில் போய் வந்தேன். அதனால்தான் இதையெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது.

அடுத்து உதிரி பாகம் வாங்குவது நின்றது. ஓடாத வண்டியைப் பிரித்து ஓடுகிற வண்டிக்குப் போட்டோம். ஒரு பஸ்ஸுக்கு இன்னொரு பஸ்ஸின் கதவு, இன்னொன்றின் சீட்டு என்று எல்லாமே ஒட்டுப்போட்டு ஓடின. ஓய்வுபெற்ற டிரைவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. மாறாக, ஓய்வு வயதைத் தள்ளிப் போட்டார்கள். அக்காவுக்கு முட்டி தேய ஆரம்பித்திருந்தது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வார். பஸ்களின் எண்ணிக்கை குறைந்து, ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நிலை வந்தது. எப்போதும் யாராவது ஓடி வந்துகொண்டே இருப்பார்கள். ஓடி வருகிறவரைப் பார்த்தும் வண்டியை எடுக்க அக்காவால் முடியாது. நின்றால் நேரம் போகும். அந்த நேரத்தைப் பிடிக்க அடுத்த நிறுத்தம்வரை விரட்டுவார்.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் பார்த்ததைச் சில சமயம் என்னிடம் சொல்வார். பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, புதிதாக யாரும் தைப்பதில்லை. ஒரு கண்ணாடி மட்டும் இருக்கிற மூக்குக்கண்ணாடியோடு ஒரு வாத்தியார் மாதக்கணக்கில் வருகிறார். காலையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருகிறார்கள், பள்ளியில் மதியச் சாப்பாடு நின்ற பிறகு மாலையிலும் தூங்கிக்கொண்டே போகிறார்கள். பெரிய பெட்டியோடு ஏறுகிற இளவட்டங்கள் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள், திரும்பி வரும்போது அவர்களுடைய அம்மா அப்பா மட்டும் வருகிறார்கள்.

அந்தப் பெட்டிக்காரர்களில் அக்காவின் மகளும் ஒருத்தியானாள். படிப்பை முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்தாள். ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள், அந்த நிறுத்தம் முடியவே இல்லை. நர்ஸ் பற்றாக்குறை என்று ஆஸ்பத்திரி அழுதுகொண்டிருந்தது, நர்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. போகிற அன்று அக்கா லீவு கேட்டார். ஓட்ட வேறு ஆள் இல்லை என்றார்கள். அதனால் தன் பஸ்ஸிலேயே மகளை ரயிலுக்குக் கொண்டுபோனார். அவள் அம்மாவுக்குப் பின்னால் இருந்த சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். டிரைவரோடு பேசக் கூடாது என்ற பலகை இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது. ரயில் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள், அடுத்த கூட்டம் ஏறியது. பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்தது. மகள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "போம்மா, லேட்டாகுது" என்றாள். அக்கா கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். அப்புறம் கியரைப் போட்டார்.

அதற்கடுத்த வருடம் சின்ன ஆஸ்பத்திரியையே மூடினார்கள். மூடுகிறோம் என்று சொல்லவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோடு இணைக்கிறோம் என்றார்கள். அக்காவின் வீட்டுக்காரரைக் குறைந்த பென்ஷனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பின் அறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு பழைய மின்விசிறிகளையும் ரேடியோக்களையும் பிரித்துப் பூட்ட ஆரம்பித்தார். வாசல் தாண்டுவதே இல்லை. வீட்டிலிருந்து நகராத கணவர், வீட்டில் நிற்க முடியாத மனைவி. ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார், உட்காரச் சொல்வதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

தையலக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அப்போதுதான். வாரத்துக்கு மூன்று தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பதினொன்றாம் நம்பர் பாலத்தடியில் நின்றுவிட்டு நேரே போய்விடும். அங்கே இறங்கி, நீளமான பாலத்தை நடந்து கடந்து, அப்புறம் ஒரு மேடு ஏற வேண்டும். வழித்தடத்தை மாற்றித் தரச் சொல்லிக் குடியிருப்பில் பலரும் கேட்டிருந்தார்கள். பதிலே இல்லை.

மழை பிடித்த ஒரு மாலை. பாலத்தடியில் வண்டி நின்றபோது, தையலக்கா நிழற்குடைக்கு வெளியே சாலை ஓரத்தில் சேலை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார். சிகிச்சை முடிந்து நடந்து வரும்போது தலை சுற்றி விழுந்திருக்கிறார். நிழற்குடைவரை வரத் தெம்பில்லை. அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். நானும் போனேன். இரண்டு பேரும் தாங்கி ஏற்றினோம். தையலக்கா முகம் வெளிறி, என்னவோ தப்பு செய்துவிட்டவர் போல, "வண்டி நனையுதும்மா" என்றார். அன்று மேட்டுக் குடியிருப்பில் வண்டியை நிறுத்திய பிறகும் அக்கா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை தையலக்கா ஏறிய காலையில், பாலத்தடி வந்ததும் அக்கா நேரே போகவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைப் பாலத்தின் மேல் திருப்பினார். பஸ்ஸில் ஒரு சலசலப்பு. பேங்க்கில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பையன், எங்கள் தெருக்காரன்தான், எழுந்து நின்றான்.

"அக்கா, வண்டி எங்க போகுது?"

"ஆஸ்பத்திரிக்கு. கொஞ்சம் லேட்டாகும். வேண்டாங்கறவங்க இறங்கிக்கலாம்."

யாரும் இறங்கவில்லை. இறங்கினால் அடுத்த பஸ் எங்கே? சிலர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தையலக்கா இறங்கினார். அவரோடு இன்னும் ஏழெட்டுப் பேர் இறங்கியதைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. அத்தனை பேரும் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் பாலத்தில் நடந்திருக்கிறார்கள்.

அது வழக்கமாகிவிட்டது. செய்தி பரவி, நடக்க முடியாதவர்கள், வயிற்றுப்பிள்ளைக்காரிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் காலை வண்டிக்கு வந்தார்கள். டீசல் அளந்துதான் தருவார்கள் என்பதால் அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்து மிச்சம் பிடித்தார். அந்த மாதங்களில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஆனால் பதற்றமும் கூடியிருந்தது. டிப்போவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவார்.

குமாஸ்தாவுக்கு மட்டும் கஷ்டம். தினமும் பேங்க்குக்குத் தாமதமாகப் போனான். அங்கேயும் ஆட்குறைப்பு. தாமதமாக வருகிறவனைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். இரண்டு முறை அக்காவிடம் சொல்லிப் பார்த்தான். வண்டியைச் சீக்கிரம் எடுக்க அனுமதி தரச் சொல்லி டிப்போவில் கேட்கிறேன் என்றார் அக்கா, ஆனால் எதற்கு என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? ஒருநாள் மாலை எல்லோரும் இறங்கிய பிறகு அவன் மட்டும் நின்றான். நானும் இருந்தேன்.

"நான் புகார் குடுக்கப்போறேன் அக்கா. உங்க முதுகுக்குப் பின்னால பண்ண மனசு வரல, அதான் சொல்லிட்டுப் போறேன். எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு."

அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "குடு" என்றார். "உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நான் நிறுத்த மாட்டேன்."

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர். மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி எங்கே போகிறது என்று டீசலை வைத்தே அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, கண்டும் காணாமல் இருந்தார். புகார் மேலிடத்துக்கும் போய்விட்டதால் இனி அப்படி இருக்க முடியவில்லை. விசாரணையில் அக்கா எதையும் மறுக்கவில்லை. வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். தையலக்காவும் இன்னும் சிலரும் டிப்போ வாசலில் வந்து நின்றார்கள். மேனேஜர் வெளியே வந்து அவர்களைக் கும்பிட்டு, மேலே எழுதியிருக்கிறேன் என்றார்.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. இந்த விவகாரத்தால் பதினொன்றாம் நம்பரை ஆராய்ந்து பார்த்ததில் அது நஷ்டத்தில் ஓடுவது தெரிய வந்ததாம். அடுத்த மாதத்திலிருந்து வழித்தடமே கிடையாது.

அக்காவை இடைநீக்கம் உலுக்கவில்லை, இதுதான் உலுக்கியது. குடியிருப்பில் பாதிப் பேர் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்லது செய்கிறேன் என்று இருந்ததையும் கெடுத்துவிட்டாள் என்று கடையில் காதுபடவே பேசினார்கள். எப்படியும் எடுத்திருப்பார்கள் அக்கா, ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்குள் அறைக்கு அறை நடந்தார். சமையலைப் பாதியில் விட்டுவிட்டுத் துணி மடிப்பார், அதைப் பாதியில் விட்டு வாசலுக்கு வருவார். நான் போயிருந்த ஒருநாள், அவர் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் உக்காரும்மா" என்றார். "உக்காந்தா மூச்சு முட்டுது" என்றார் அக்கா. அவர் மறுபடி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, "எனக்கு எழுந்தா முட்டுது" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார்.

பஸ் நின்ற இடத்தில் வேன் வந்தது. ஒரு தனியார் முதலாளி, எங்கள் டிப்போ கழித்துவிட்ட சின்ன வண்டிகளையே ஏலத்தில் எடுத்துப் பெயின்ட் அடித்து ஓட்டினார். கட்டணம் மூன்று மடங்கு. வழி தெரிந்த டிரைவர் வேண்டுமென்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா முடியாது என்று கதவைச் சாத்தினார். ஆனால் விசாரணை முடிந்து டிப்போவிலிருந்து அவரை ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள், ஓய்வு வயதோ இன்னும் எட்டவில்லை. சில மாதம் கழித்து அவரே முதலாளியிடம் போனார். வண்டி ஆஸ்பத்திரி வழியாகப் போக வேண்டும் என்று ஒரே நிபந்தனை. முதலாளி யோசிக்கவே இல்லை, நோயாளிகள் என்றால் தினமும் வருவார்கள் என்றார். அரசாங்கத்தில் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதது ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

வேனில் ஏற வசதி உள்ளவர்கள் ஏறினார்கள். மற்றவர்கள் பழைய நிறுத்தத்தைத் தாண்டி நடந்து போனார்கள். தையலக்கா நடந்தார். புதிய துணி தைக்க ஆளில்லை, கிழிசல் தைக்கிற காசு மருந்துக்கே போதவில்லை. முதல் வாரமே அக்கா வேனை அவர் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார். சும்மா ஏறுங்கள், முதலாளியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

தையலக்கா கம்பியைப் பிடித்தபடி கீழேயே நின்றார். "ஒரு நாள்னா ஏறிடுவேன்மா. இது நான் இருக்கிற வரைக்கும். ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி ஏறுவேன்? பஸ்ஸுன்னா அது என்னுது மாதிரி. டிக்கெட்டு வாங்கினேன், ஏறினேன். நீ போ."

அக்கா இதை அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டார். மறுநாள் யாரிடமோ துருப்பிடித்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்து பின் அறையில் பிரித்துப் போட்டார். மழைக்காலம் தொடங்குவதற்குள் அது ஓடியது. வாசலே தாண்டாத மனிதர், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தையலக்கா வீட்டு முன்னால் போய் நின்றார். பழைய ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் எடுத்ததே இவர்தான். கைமாறாகத் தன் சட்டைகளின் நைந்த காலர்களைத் திருப்பித் தைத்துத் தரச் சொன்னார். அந்தக் கணக்கில் தையலக்கா ஏறிக்கொண்டார். வீட்டுக்காரரின் சட்டைகள் தீர்ந்ததும் அவர் என்னிடம் வந்து கேட்டார். நான் நல்ல காலர் உள்ள சட்டைகளையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிவரை போய்ச் சேருகிற பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அங்கே ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின்கள் பழுதாகிக் கிடந்தன. வாரத்துக்கு மூன்று தடவை என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமே என்றார்கள், அதுவும் நியாயம்தான். தையலக்காவின் கால் வீங்கியது, முகம் வீங்கியது. அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அடக்கத்துக்குக் குமாஸ்தாவும் வந்திருந்தான், அவன் வேலையும் அதற்குள் போயிருந்தது. அக்கா அவனுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு நின்றார்.

பிறகு ஒரு காலை வேன் ரேடியோவில் செய்தி சொன்னார்கள். நாட்டின் பற்றாக்குறை ஒரு வழியாக நீங்கிவிட்டது, மக்களின் பொறுமைக்கு நன்றி. வேனில் இருந்த ஒரு பள்ளிச் சிறுமி, அப்படியென்றால் பஸ் திரும்ப வருமா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் விடாமல் கூப்பிட்டதால் அக்காவும் வீட்டுக்காரரும் அவளிடம் போனார்கள். இரண்டு மாதம் இருப்பதாகப் போனவர்கள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு அங்கே பிடித்திருந்ததாம், அக்காவுக்குத்தான் முடியவில்லை. மகள் வேலைக்குப் போனதும் பஸ் ஏறுவாராம். கடைசி நிறுத்தம்வரை போவார், திரும்ப வருவார், அடுத்த நம்பரில் ஏறுவார். நாள் முழுக்க இதேதான். ஊர் எப்படி அக்கா என்று கேட்டேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார், குழாயை நிறுத்தவில்லை.

"எல்லாம் நேரத்துக்கு வருது தம்பி. ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குது. நடக்க முடியாதவங்க வந்தா படியைத் தாழ்த்தி விடுறான் டிரைவரு. யாரும் அவனுக்கு நன்றி சொல்லல, அவனும் எதிர்பாக்கல. ஒருநாள் முன்சீட்டுல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு."

யார்மேல் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து நிறுத்தத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறி, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு முன்பே வண்டியை எடுத்தார்.